‘பூச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால்

காரைக்குடியில் நான் வேலை பார்த்த லேப் காலை ஏழு மணிக்குத் திறக்கும். ஏழேகாலுக்கெல்லாம் புதுவயல், சாக்கோட்டைப் பக்கத்து டவுன் பஸ்ஸில் வந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வெறுங்கையோடு இருப்பார்கள். மோஷன் டெஸ்டுக்கு வந்தவர்களைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். முந்தானையிலோ மஞ்சள் பையின் அடியிலோ ஒரு தீப்பெட்டி இருக்கும். அதை யாரும் பார்க்காத நேரத்தில் மேசை மேல் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வார்கள்.

அந்தத் தீப்பெட்டியைத் திறந்தால் பல நேரம் உள்ளே இருப்பது காய்ந்து கட்டியாகியிருக்கும். அட்டை ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். முந்தின நாள் ராத்திரி எடுத்ததா, விடிகாலையில் எடுத்ததா என்று கேட்டால் பதில் வராது. அதிலிருந்து ஒரு துளியைக் கரைத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஓவா, சிஸ்ட்: நில்’, அதாவது ‘முட்டை, கிருமிக்கூடு: இல்லை’ என்று எழுதிக் கொடுப்போம். வாங்கிப் போகிறவர் அதை ‘வயிற்றில் பூச்சி இல்லை’ என்று படித்துக்கொள்வார். உண்மையில் அந்த வரி சொல்வது, ‘இந்தத் துளியில், இந்த நேரத்தில், என் கண்ணில் முட்டை படவில்லை’ என்பது மட்டும்தான். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. அந்தத் தூரத்தில் ஒரு அம்மா இரண்டு மாதம் ரத்தசோகையோடு வயலுக்குப் போய் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் ‘பூச்சி’ என்று ஒரே பேர்தான். லேப்பில் அது ஒன்றில்லை. மண்புழு மாதிரி நீளமாக, வெளிறிய ரோஸ் நிறத்தில் வருவது நாக்குப்பூச்சி. பிள்ளைகளுக்கு ராத்திரி ஆசனவாயில் அரிப்பு தருகிற, வெள்ளை நூல் துண்டு போன்றது கீரிப்பூச்சி. கண்ணில் படாமலே குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிப்பது கொக்கிப்புழு. ஒரு பக்கம் முடி போல மெலிந்து மறுபக்கம் தடித்திருப்பது சாட்டைப்புழு. ஐந்தாவது ஒன்று உண்டு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். அதற்கு ஊரில் பேரே கிடையாது, அவ்வளவு ரகசியமாக வாழ்வது அது. ஐந்துமே உருண்டைப்புழு வகைதான். ஆனால் ஒவ்வொன்றும் தன் தடயத்தை வேறு இடத்தில், வேறு நேரத்தில் விட்டுப்போகிறது. எந்தப் பூச்சியைத் தேடுகிறோம் என்று தெரியாமல் சோதனை எழுதினால் தப்பான இடத்தில்தான் தேடுவோம்.

வீட்டில் பூச்சியை எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி. கன்னத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் பூச்சி. சீயமும் கந்தரப்பமும் நாலு கூடச் சாப்பிட்டுவிட்டு வயிறு வலிக்கிறது என்றால் கட்டாயம் பூச்சி. அப்பத்தாமார் அன்போடு சொல்வதுதான், குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் பல் கடிப்பதற்கும் புழுவுக்கும் தொடர்பு இருப்பதாக உறுதியாகவில்லை. கன்னத்துத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சி சார்ந்தது. இனிப்பிலிருந்து பூச்சி பிறக்காது. நாக்குப்பூச்சியின் முட்டை மண்ணிலிருந்து கை, காய்கறி, தண்ணீர் வழியாக வாய்க்குப் போக வேண்டும். கொக்கிப்புழு பெரும்பாலும் வெறுங்கால் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. புழு குறைவாக உள்ளவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது.

நாக்குப்பூச்சியின் பயணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏன் சோதனை பொய்க்கிறது என்பதற்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது. மலத்தோடு வெளியே விழுகிற முட்டை உடனே தொற்றாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து முதிர வேண்டும். பிறகு அது ஒரு பிள்ளையின் வாய்க்குள் போனால் சிறுகுடலில் பொரிகிறது. பொரிந்த குஞ்சுப்புழு குடலில் தங்காமல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரல், இதயம் வழியாக நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பத்துப் பதினைந்து நாள் வளர்ந்து, மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வருகிறது. அதற்கு மேல்தான் முழுப்புழு ஆகிறது. முட்டை வாய்க்குள் போன நாளிலிருந்து, பெண் புழு முதல் முட்டை போடும் நாள் வரை இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். குஞ்சுப்புழு நுரையீரலில் இருக்கும் நாட்களில் பிள்ளைக்கு வறட்டு இருமல் வரலாம், இளைப்பு வரலாம், லேசாகக் காய்ச்சலும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் மேகம் போல நிழல் தெரிந்து, சில நாளில் தானே கலைந்துவிடும். 1932-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் லோஃப்லர் விவரித்த இந்த நிலையை இன்றும் அவர் பேரிலேயே சொல்கிறார்கள். அந்த நேரத்தில் ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணுக்கள் எகிறியிருக்கும். மருத்துவர் சந்தேகப்பட்டு மோஷன் டெஸ்ட் எழுதுவார். மலத்தில் முட்டை இருக்காது, ஏனென்றால் முட்டை போடும் வயதுக்குப் புழு இன்னும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, இருமலெல்லாம் மறந்துபோன பிறகு அதே பிள்ளையின் மலத்தில் முட்டை கொட்டிக் கிடக்கும். அப்போது ஈசினோஃபிலோ பெரும்பாலும் இறங்கிப் போயிருக்கும். ஈசினோஃபில் எகிறினாலே குடல்பூச்சி என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. அலர்ஜி, ஆஸ்துமா, யானைக்கால் புழு எல்லாமே அதை ஏற்றும்.

சரி, முட்டை போடத் தொடங்கிய பிறகு என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்ணாடியில் நாங்கள் வைப்பது சுமார் 2 மில்லிகிராம் மலம். ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் ஒன்று, அயோடினில் ஒன்று. அடியில் செய்தித்தாளை வைத்தால், தடவிய மலத்தின் வழியாக எழுத்து தெரிய வேண்டும், அதற்குமேல் தடித்துப் போனால் ஒன்றும் பார்க்க முடியாது. ஒருவர் ஒரு நாளைக்குச் சுமார் 200 கிராம் மலம் கழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாக்குப்பூச்சியில் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டை வரை போடும். அப்படியானால் ஒரு கிராமுக்கு ஆயிரம், 2 மில்லிகிராமுக்கு இரண்டு. ஒரே ஒரு பெண் புழு இருந்தால்கூடக் கண்ணாடியில் அகப்பட வாய்ப்பு இருக்கிறது. கொக்கிப்புழு ஒரு நாளைக்குப் போடுவது பத்தாயிரம் அளவில்தான். கிராமுக்கு ஐம்பது வருகிறது. என் 2 மில்லிகிராமில் ஒரு முட்டையின் பத்தில் ஒரு பங்கு. பத்துக் கண்ணாடி பார்த்தால்தான் ஒன்று வரும்.

அதனால் ஒரே ரிப்போர்ட்டில் ‘நில்’ என்று இருந்தால், நாக்குப்பூச்சி விஷயத்தில் அதை ஓரளவு நம்பலாம். கொக்கிப்புழு விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு எடை மிகக் குறைவு.

நான் சொல்ல வந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நூறு நாள் வேலைக்கும் கடலைக்காட்டு வேலைக்கும் போகிறவர். ஹீமோகுளோபின் 6.8. இரும்புச்சத்து மாத்திரை மாதக்கணக்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை. முதல் தடவை தீப்பெட்டியில் கொண்டுவந்தார். காய்ந்த கட்டி. நான்தான் ‘நில்’ என்று எழுதினேன். ‘மாதிரி சரியில்லை, மறுபடி கொண்டுவாருங்கள்’ என்று எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொரு மருத்துவர், மூன்று நாள் மாதிரி பார்க்கச் சொல்லி மறுபடி அனுப்பினார். அந்த அம்மா என்னிடம் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது: “ஏன் தம்பி, பூச்சி இருந்தா வயித்த வலிக்காதா? எனக்கு ஒண்ணுமே பண்ணலையே.”

இந்த முறை கையில் மூடியுள்ள டப்பா கொடுத்து அனுப்பினோம். மறுநாள் வந்த மாதிரியை நேரடியாகப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அப்புறம் உப்பு மிதப்பு முறை செய்தேன். உப்பு இனிக் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் மலத்தைக் கலக்கி, சின்னக் குப்பியில் வாய் ததும்ப நிரப்பி, மேலே கண்ணாடித் துண்டைத் தண்ணீர் தொடும்படி வைக்க வேண்டும். அரை மணி நேரம் அசைக்கக் கூடாது. முட்டை அந்தக் கரைசலைவிட லேசு என்பதால் மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கண்ணாடியைச் சாய்க்காமல் தூக்கித் திருப்ப வேண்டும். மைக்ராஸ்கோப்பில் வெளிச்சத்தைக் குறைத்தேன். வெளிச்சம் அதிகமானால் கொக்கிப்புழு முட்டை தெரியவே தெரியாது, அவ்வளவு நிறமற்றது. நாக்குப்பூச்சி முட்டை பித்தத்தில் ஊறிப் பழுப்பு ஏறி, மேலே மேடுபள்ளமான தோலோடு ‘நான்தான்’ என்று உட்கார்ந்திருக்கும். இதுவோ மெல்லிய கோடாக ஒரு நீள்வட்டம், நடுவில் நாலு உருண்டைச் செல்கள், அவற்றுக்கும் ஓட்டுக்கும் இடையே தெளிந்த வெற்றிடம். இரண்டு முட்டை இருந்தது. மூன்றாம் நாள் மாதிரியில் இன்னும் கூடுதலாக.

ஒரு கொக்கிப்புழு குடிக்கிற ரத்தம் மிகக் கொஞ்சம். நம் தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் நெகேட்டர் வகை ஒரு நாளைக்கு 0.03 மில்லி. நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. ஆன்கைலோஸ்டோமா வகையாக இருந்தால் அதைப்போல ஐந்து மடங்கும் ஆகலாம். மாதவிடாயில் போகும் ரத்தத்துக்கு மேல் இதுவும் மாதா மாதம் போனால் எத்தனை மாத்திரைதான் ஈடுகட்டும்? வயிறு வலிக்காதது பற்றிய அவர் கேள்விக்கு விடையும் இதுதான். இந்தப் புழு ரத்தசோகையாக, மேல்மூச்சாக, படி ஏற முடியாத அசதியாகத்தான் தன்னைக் காட்டும். கிராமத்தில் வேலை செய்கிற ஒருவருக்குக் காரணம் புரியாத ரத்தசோகை என்றால் மூன்று நாள் மலப்பரிசோதனை எழுதாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் இந்தப் புழுவுக்கும் பழக்கம் பழையது. இலங்கைத் தோட்டங்களுக்கு நம் ஆட்கள் போன காலத்தில், கப்பல் ஏறுவதற்கு முன் மண்டபம் முகாமில் அம்மை குத்தியதோடு கொக்கிப்புழுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். இப்போதும், வேலூர் சி.எம்.சி. திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய டீவார்ம்3 என்ற குடல்புழு ஆய்வில் அதிகம் அகப்பட்டது கொக்கிப்புழுதான். அதன் குஞ்சுக்குக் காற்றோட்டமான மணல் கலந்த மண்ணும் ஈரமும் நிழலும் வேண்டும். கோடையில் நம் செம்மண் அடுப்பாகக் காயும்போது அதற்குப் பிழைப்பு கஷ்டம். ஐப்பசி மழைக்குப் பிறகு, கண்மாய்க்கரைக் கருவை மரத்து நிழலில், வெளிக்குப் போகிற இடம் நனைந்து கிடக்கும்போது அது செழிக்கும். அந்த நாட்களில் கால் விரல் இடுக்கில் வரும் அரிப்பை எல்லோரும் சேற்றுப்புண் என்றே சொல்வார்கள், பெரும்பாலும் சேற்றுப்புண்ணாகவும் இருக்கும். ஆனால் சில சமயம் அது புழு உள்ளே நுழைந்த வாசல். மருத்துவர் ‘வயலுக்குச் செருப்பு போட்டுக்கொண்டா போவீர்கள்?’ என்று கேட்டால், அதுவும் நோயைக் கண்டுபிடிக்கிற வேலையில் ஒரு பகுதிதான்.

முட்டை இருக்கிறது என்று சொல்வதோடு எத்தனை என்றும் சொல்ல ஒரு முறை இருக்கிறது, கேட்டோ கேட்ஸ். 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து வைத்து எண்ணி, 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். கொக்கிப்புழு கிராமுக்கு 4,000 முட்டைக்கு மேல் போனால் கடுமையான தொற்று, நாக்குப்பூச்சியில் அதே அளவு லேசான தொற்றுதான். கணக்கெடுப்புகளில்தான் இதை அதிகம் செய்கிறார்கள். இதில் கிளிசரின் ஊறியதும் கொக்கிப்புழு முட்டை கரைந்த மாதிரி மறைந்துபோகும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். டீ குடிக்கப் போய் வந்தால் ‘நில்’ ஆகிவிடும்.

உப்பு மிதப்பு முறையும் எல்லாவற்றையும் மிதக்க வைக்காது. ஆண் துணையில்லாத நாக்குப்பூச்சி போடும் கருவுறாத முட்டை கனமானது, நீளமாகக் கோணலாக இருக்கும், அடியிலேயே தங்கிவிடும். வயிற்றில் இருப்பது ஆண் புழு மட்டும் என்றால் மலத்தில் முட்டையே வராது. அப்படிப்பட்ட புழு எப்போதாவது ஸ்கேனில் தெரியும். பித்தக்குழாய்க்குள் புகுந்துவிட்டால் தண்டவாளம் போல இரண்டு கோடாகத் தெரிவதுண்டு. சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் புழு வாய் வழியாகவே வந்துவிடும். அப்படி வந்தால் அருவருத்து எறிந்துவிடாதீர்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டுக் கொண்டுவாருங்கள், அதைவிட உறுதியான சாட்சி வேறில்லை. முருங்கை நாரையும் கீரை நரம்பையும் புழு என்று பயந்து கொண்டுவந்தவர்கள் நிறைய. குளியலறையில் ஊர்ந்த மண்புழுவும் வந்திருக்கிறது. மண்புழு உடம்பில் வளையம் வளையமாக இருக்கும், நாக்குப்பூச்சி வழவழவென்று இருபுறமும் கூர்ந்திருக்கும்.

கீரிப்பூச்சிக்கு மோஷன் டெஸ்ட் எழுதுவது பெரும்பாலும் வீண். அதன் முட்டை மலத்தில் வருவது நூற்றுக்கு ஐந்து பத்துப் பேரிடம்தான். பெண் புழு ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றித் தோலில் முட்டையை ஒட்டிவிடும். கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் வளவில் வரிசையாகப் படுத்திருக்கையில், ஒருத்தன் சொறிந்தால் நாலு நாளில் எல்லோரும் சொறிவதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் எழுந்ததும், குளிப்பதற்கும் வெளிக்குப் போவதற்கும் முன்னால், நிறமில்லாத செல்லோடேப்பை அந்த இடத்தில் ஒட்டி எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினால் போதும். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால் பத்தில் ஒன்பது பேரிடம் அகப்பட்டுவிடும். ஒரு பக்கம் தட்டையாக, ஒரு பக்கம் வளைந்து, சின்ன வாழைப்பூ மடல் மாதிரி இருக்கும் முட்டை. பிள்ளை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்க்கிற அம்மாக்கள் எங்களுக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்தான். மற்ற புழுக்கள் உடம்புக்குள் பெருகுவதில்லை. நாக்குப்பூச்சிக்கு ஆயுள் ஒன்று இரண்டு வருடம். இது அப்படியில்லை. இதன் குஞ்சு வெளியே வராமலே குடல் சுவரைத் துளைத்து மறுபடி சுற்ற ஆரம்பித்துவிடும். இளவயதில் வெறுங்காலில் ஏறியது, பிள்ளைகளோடு சென்னையிலோ சிங்கப்பூரிலோ போய்க் குடியேறி நாற்பது வருடம் ஆன பிறகும் உள்ளே இருக்கலாம். அதுவரை ஒரு தொந்தரவும் கொடுக்காமல் இருந்து, மூட்டுவலிக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு மருந்து ஆரம்பித்ததும் கட்டுமீறிப் பெருகி, நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் கிருமிகளைச் சுமந்துகொண்டு போகும். உயிர் போகிற நிலை அது. கடுமையான அந்தக் கட்டத்தில் ஈசினோஃபில்கூட ஏறாமல் ஏமாற்றும். மலத்தில் முட்டை வராது, குஞ்சுதான் வரும், அதுவும் விட்டு விட்டு வரும். ஒரு தடவை பார்த்தால் தப்பிவிடும், உப்புத் தண்ணீரில் மிதக்காது. அகர் தட்டில், அதாவது கிருமி வளர்க்கிற கூழ்த் தட்டில், மலத்தை வைத்து, குஞ்சு ஊர்ந்துபோன தடத்தைப் பார்க்க வேண்டும், அல்லது ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்ய வேண்டும். சின்ன லேப்பில் இது நடக்காது. சிவகங்கை போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நுண்ணுயிரியல் துறையில் விசாரிக்க வேண்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதுவதற்கு முன்னால் ‘சின்ன வயதில் எந்த ஊர், வயல் வேலை உண்டா?’ என்று பெரியவர்களிடம் கேட்கிற மருத்துவர்கள் ஒரு பெரிய ஆபத்தைத் தடுக்கிறார்கள்.

‘எதற்கு இவ்வளவு சோதனை? பள்ளிக்கூடத்திலேயே மாத்திரை கொடுக்கிறார்களே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015-இலிருந்து நாடு முழுக்க பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரை. நம் மாநிலத்தில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் மலத்தையும் சோதிப்பதைவிட எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பது மலிவு, பாதுகாப்பும்கூட. அந்த மாத்திரையைத் தவறாமல் கொடுங்கள். ஆனால் ஒரே தடவை கொடுக்கிற அந்த மாத்திரை நாக்குப்பூச்சியை நன்றாகவே வெளியேற்றும், கொக்கிப்புழுவை ஓரளவுக்கு, சாட்டைப்புழுவைக் கொஞ்சம்தான், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு அதை நம்பி இருக்க முடியாது. அதற்கு ஐவர்மெக்டின் என்கிற வேறு மருந்து வேண்டும். மேலே சொன்ன அம்மா நாற்பது வயதுக்காரர், முகாம் பட்டியலிலேயே வரமாட்டார். அவருக்குச் சோதனைதான் வழி.

சோதனைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தீப்பெட்டி வேண்டாம், மருந்துக்கடையில் மூடியோடு டப்பா கிடைக்கும். சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல் ஒரு புளியங்கொட்டை அளவு எடுத்தால் போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று தடவை கொண்டுவாருங்கள். டப்பாவின் மேல் பேரோடு மாதிரி எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். நம் வெயிலில் ஒரு நாள் கிடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து குஞ்சாகிவிடும். கண்ணாடியில் ஒரு குஞ்சு நெளிவதைப் பார்த்தால் அது கொக்கிப்புழுவா ஸ்ட்ராங்கிலாய்ட்ஸா என்று அதன் வாய்க்குழாய் நீளமா குட்டையா என்பதைத்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். ‘காலை 6.10’ என்று டப்பாவில் எழுதியிருந்து, ஏழேகாலுக்கு என் கைக்கு வந்து, எட்டு மணிக்கு அதில் ஒரு குஞ்சு ஓடினால், மருத்துவருக்கு உடனே போன் போடுவேன்.